காவல் மாறிய கடற்கரை

சென்னையிலிருந்து ஹௌராவுக்குச் செல்லும் இருப்புப்பாதை, தமிழர் பலருக்குப் பழகிய பாதை. கரக்பூரிலும் ஜாம்ஷெட்பூரிலும் கொல்கத்தாவிலும் பிழைப்பின் பொருட்டுக் குடியேறிய நம்மவர், ஆண்டுதோறும் விடுமுறைக்கு ஊர் சென்று திரும்புவது இவ்வழியேதான். சிலிகா ஏரியின் நீர்ப்பரப்பைச் சன்னல் வழியே கண்டு களிக்காத பயணி இலர். ஆனால் கட்டக்கைக் கடந்து பத்ரக்கை நோக்கி வண்டி விரையும்போது, கிழக்கே வயல்களுக்கு அப்பால் உலகப் புகழ் பெற்ற ஒரு கடற்கரை இருக்கிறதென்பதைப் பலர் அறியார். அதன் பெயர் கஹிர்மாதா. அதனை அடுத்துள்ள அலையாத்திக் காட்டின் பெயர் பீத்தர்கணிகா. அந்தக் கரையையும் காட்டையும் யார் காத்தனர், எவரிடமிருந்து காத்தனர், அக்காவலின் விலையை யார் கொடுத்தனர் என்பதே இக்கட்டுரையில் நாம் காணவிருக்கும் வரலாறு.

பிராமணி, வைதரணி என்னும் இரண்டு ஆறுகள், மகாநதியின் கிளைகளோடு சேர்ந்து வங்கக் கடலில் கலக்கும் கழிமுகப் பகுதி இது. இன்றைய ஒடிசா மாநிலத்தின் கேந்திரபாரா மாவட்டத்தில் அடங்கியது. ஆற்று நீரும் கடல் நீரும் கலக்கும் உப்பங்கழிகள், வலைப்பின்னல்போல் குறுக்கும் நெடுக்குமாக ஓடுகின்றன. அவற்றின் கரைகளில், சேற்றுக்குமேல் மூச்சுவேர்களை நீட்டிக்கொண்டு அலையாத்தி மரங்கள் அடர்ந்து நிற்கின்றன. கழிகளில் உவர்நீர் முதலைகள் வாழ்கின்றன. மரங்களில் நாரைகளும் கொக்குகளும் ஆயிரக்கணக்கில் கூடு கட்டுகின்றன. இக்காட்டின் கிழக்கு ஓரத்தில், கடலைப் பார்த்தபடி நீண்டு கிடக்கும் மணற்கரைதான் கஹிர்மாதா.

மாசி, பங்குனி மாதங்களில் இம்மணற்கரைக்குக் கடலாமைகள் வருகின்றன. ஒன்றிரண்டாக அல்ல; சில இரவுகளுக்குள் இலட்சக்கணக்கில் கரையேறுகின்றன. தமிழ்நாட்டுக் கரைகளில் இவ்வாமையைப் பங்குனி ஆமை என்பர். ஏறத்தாழ இரண்டடி நீளமும் நாற்பது கிலோ எடையும் உள்ள பெண் ஆமை, பின்துடுப்புகளால் மணலில் குழி தோண்டி, நூறு முட்டைகளுக்கு மேல் இட்டு, மணலால் மூடி, உடலால் அழுத்திச் சமன் செய்துவிட்டுக் கடலுக்குத் திரும்புகிறது. இவ்வளவும் ஒரு மணி நேரத்திற்குள் முடிந்துவிடுகிறது. ஏறத்தாழ ஐம்பது நாட்களுக்குப் பின் குஞ்சுகள் தாமே மணலைக் கீறி வெளிவந்து, இருளில் சற்றே ஒளிரும் கடலடிவானை நோக்கி ஓடுகின்றன. மணல் மிகச் சூடாயிருந்தால் பெண் குஞ்சுகளும், குளிர்ந்திருந்தால் ஆண் குஞ்சுகளும் மிகுதியாகப் பிறக்கின்றன.

இக்காட்சி தமிழ் இலக்கியத்திற்குப் புதியதன்று. அடும்பங்கொடி படர்ந்த மணல்மேட்டில் சூல் கொண்ட ஆமை முட்டையிட்டு மறைத்துச் செல்வதையும், குஞ்சு வெளிப்படும் வரையில் ஆண் ஆமை அம்முட்டைகளைக் காத்து நிற்பதையும் அகநானூற்றுப் புலவர் ஒருவர் பாடியுள்ளார். முட்டையிடும் முறையைப் புலவர் கண்ணாரக் கண்டே பாடியிருக்கிறார் என்பதில் ஐயமில்லை. ஆயினும் காவல் பற்றிய செய்தியை இன்றைய உயிர்நூல் ஏற்பதில்லை. ஆண் ஆமை கரையேறுவதே இல்லை. தாயும் திரும்பி வந்து பார்ப்பதில்லை. மணலுக்குள் கிடக்கும் முட்டைக்கு இயற்கையில் காவலர் எவரும் இலர். நாயும் நரியும் பன்றியும் தோண்டினால் தடுப்பார் இல்லை. மனிதன் தோண்டினாலும் அவ்வாறே.

மனிதன் தோண்டியது நெடுங்கால வழக்கம். அலெக்சாண்டர் ஹாமில்டன் என்னும் ஸ்காத்லாந்து மாலுமி 1727ஆம் ஆண்டில் வெளியிட்ட பயண நூலில், கணிகா ஆற்றுக்கும் பாலசோர் ஆற்றுக்கும் இடைப்பட்ட மணற்கரையில் கடலாமைகள் அளவிறந்து வந்து முட்டையிடுகின்றன என்று குறித்துள்ளார். அக்காலத்தில் காடும் கரையும் கணிகா அரசர்களுக்கு உரியவை. ஆங்கிலேயர் ஆட்சியில் அவர்கள் ஜமீன்தார்களாக நிலைபெற்றனர். காடு அவர்களுடைய வேட்டைக் களமாக விளங்கியது. அவர்கள் வேட்டையாடிய கோபுரம் இன்றும் காட்டுக்குள் நிற்கிறது. வேட்டைக்காகக் காட்டை அழியாமல் வைத்திருந்தனர். ஆகையால் அது தப்பியது. ஆமை முட்டைகளையோ அவர்கள் வருவாய்க்குரிய பொருளாகக் கருதி, படகில் ஏற்றிச் செல்வோரிடம் வரி பெற்றனர்.

1952ஆம் ஆண்டில் ஜமீன்தாரி முறை ஒழிக்கப்பட்டது. 1957ஆம் ஆண்டில் இக்காடுகள் மாநில வனத்துறையின் வசம் வந்தன. ஆள்வோர் மாறினரேயன்றி முட்டை வாணிகம் மாறவில்லை. வனத்துறையே உரிமச் சீட்டு வழங்கி முட்டை எடுக்க இசைவு அளித்தது. படகு படகாக முட்டைகள் ஆற்று வழியே உள்ளூர்ச் சந்தைகளுக்குச் சென்றன. ஏழைகளின் உணவாக ஒரு பகுதியும், உலர்த்திய பின் கால்நடைத் தீனியாக ஒரு பகுதியும் பயன்பட்டன. மறுபுறம், ஜமீன் காவல் நீங்கிய காட்டில் குடியேற்றம் பெருகி, அலையாத்தி மரங்கள் வெட்டப்பட்டு நெல் வயல்கள் தோன்றின. காவலர் நீங்கிய பின் காவல் விதி வருவதற்குச் சில ஆண்டுகள் இடைவெளி இருந்தால், அவ்விடைவெளியில் எவ்வளவு இழக்கலாம் என்பதற்கு இஃது ஓர் எடுத்துக்காட்டு.

1972ஆம் ஆண்டில் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் நாட்டில் நிறைவேறியது. அதையடுத்த ஆண்டுகளில், ஐக்கிய நாடுகளின் உணவு, வேளாண்மை நிறுவனத்தைச் சேர்ந்த முதலை வல்லுநர் பஸ்டர்ட் என்பவர் ஒரிசாவுக்கு வந்தார். முதலைகளைத் தேடி வந்தவர், கஹிர்மாதாவின் ஆமைத் திரளை உலக அறிஞர்களின் கவனத்திற்குக் கொண்டுவந்தார். 1975ஆம் ஆண்டில் முட்டை எடுக்கும் உரிமம் நின்றது. அதே ஆண்டு ஏப்ரலில் 672 சதுர கிலோமீட்டர் பரப்பு பீத்தர்கணிகா வனவிலங்குப் புகலிடமாக அறிவிக்கப்பட்டது.

முதலைகளின் நிலையும் அப்பொழுது இரங்கத்தக்கதாகவே இருந்தது. தோலுக்காக வேட்டையாடப்பட்டு, அப்பகுதியில் ஏறத்தாழ நூறு முதலைகளே எஞ்சியிருந்தன. தாங்மால் என்னும் இடத்தில் ஒரு வளர்ப்பு நிலையம் அமைந்தது. காட்டில் முதலை இட்ட முட்டைகளைக் கவனமாக எடுத்து வந்து, பொரித்து, குஞ்சுகளைச் சில ஆண்டுகள் வளர்த்து, பிற உயிர்கள் எளிதில் விழுங்க இயலாத அளவு வளர்ந்த பின் கழிகளில் விட்டனர். இன்று அங்கே ஆயிரத்து எழுநூறுக்கு மேற்பட்ட உவர்நீர் முதலைகள் உள்ளன.

ஆமைகளுக்கு வந்த அடுத்த இடர், முட்டைக்கன்று, தாய்க்கே. விசைப்படகுகளின் துணையால் நடுக்கடலிலேயே ஆமைகளைப் பிடித்து, இருப்புப்பாதை வழியே ஹௌராவுக்கு அனுப்பினர். 1970களின் பிற்பகுதியில், ஆமை இறைச்சிக்குக் கல்கத்தாச் சந்தையில் நல்ல விலை இருந்தது. நாம் ஊர் சென்று திரும்பும் அதே பாதையில், மல்லாக்கக் கிடத்திய ஆமைகளும் ஆயிரக்கணக்கில் பயணம் செய்தன. இச்செய்தி நாளேடுகளிலும் அறிவியல் ஏடுகளிலும் வெளிவந்து பெருங் கவலையை உண்டாக்கியது. பிரதமர் இந்திரா காந்தி இதில் தனிக்கவனம் செலுத்தினார். 1980களின் தொடக்கத்தில் கடலோரக் காவற்படைக் கப்பல்கள் ஆமைகளின் பருவத்தில் ரோந்து வரத் தொடங்கின. எல்லை காக்க ஏற்பட்ட படை ஆமைக்கும் காவல் நின்றது. ஹௌரா வாணிகம் படிப்படியாக ஒடுங்கியது.

அதன்பின் வந்த இடர், ஆமையை வேண்டாதவர்களால் வந்தது. இறாலும் மீனும் தேடிச் சென்ற இழுவைப் படகுகளின் வலைகளில் ஆமைகள் சிக்கின. ஆமை நுரையீரலால் மூச்சுவிடும் உயிர். நீருக்குள் நெடுநேரம் வலையில் அகப்பட்டால் மூச்சுத் திணறி இறந்துபடும். 1990களின் பிற்பகுதியில், ஆண்டொன்றுக்குப் பதினாயிரத்துக்கும் மேற்பட்ட ஆமைகளின் உடல்கள் ஒரிசாக் கரையில் ஒதுங்கின. 1997, 1998 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் கஹிர்மாதாவில் ஆமைகள் திரளாகக் கரையேறவே இல்லை. 1997ஆம் ஆண்டு செப்டம்பரில் கடற்பகுதியும் சேர்த்து 1,435 சதுர கிலோமீட்டர் பரப்பு கடல்சார் புகலிடமாயிற்று. 1998இல் காட்டின் நடுப்பகுதியான 145 சதுர கிலோமீட்டர் தேசியப் பூங்காவாயிற்று. சிக்கிய ஆமை தப்பி வெளியேறும்படி வலையில் வாயில் வைக்கும் கருவியும் கட்டாயமாக்கப்பட்டது.

கடலும் வாளா இருக்கவில்லை. 1989ஆம் ஆண்டுப் புயலில் கஹிர்மாதாவின் மணல்முனை நிலத்திலிருந்து பிரிந்து தீவாயிற்று. ஆமைகள் பெருந்திரளாக முட்டையிடும் இடம் இன்று நாசி என வழங்கும் அச்சிறு தீவுகளே. அருகில் உள்ள வீலர் தீவில் ஏவுகணைச் சோதனைத் தளம் உள்ளது. இராமேசுவரத்தில் பிறந்த அப்துல் கலாம் அவர்களின் பெயரை அத்தீவு 2015 முதல் தாங்கி நிற்கிறது. ஒளியை நோக்கி ஓடும் குஞ்சுகள் தளத்து விளக்குகளால் திசை மாறாதிருக்கும்பொருட்டு, ஆமைப் பருவத்தில் அவ்விளக்குகளின் ஒளி குறைக்கப்படுகிறது. 2025ஆம் ஆண்டில் கஹிர்மாதாவில் ஏறத்தாழ 6 இலட்சமும், தெற்கே கஞ்சம் மாவட்டத்து ருஷிகுல்யா முகத்துவாரத்தில் ஏறத்தாழ 7 இலட்சமும் ஆமைகள் முட்டையிட்டன.

இனி, காக்கப்பட்ட காடு என்ன கைம்மாறு செய்தது என்பதைக் காண்போம். 1999ஆம் ஆண்டு அக்டோபர் 29ஆம் நாள் ஒரிசாவைத் தாக்கிய பெரும்புயலில் ஏறத்தாழ பதினாயிரம் மக்கள் மாண்டனர். பின்னர் கேந்திரபாரா மாவட்டத்தின் 409 கிராமங்களை ஆராய்ந்த பொருளியல் அறிஞர் இருவர், 2009இல் தம் முடிவை வெளியிட்டனர். கடலுக்கும் ஊருக்கும் இடையே அலையாத்திக் காடு அகன்று இருந்த இடங்களில் உயிர்ச்சேதம் குறைந்திருந்தது என்பது அம்முடிவு. நெல்லுக்காகக் காட்டை வெட்டிய இடங்களில், நிலம் கிடைத்தது, அரண் போயிற்று.

ஆயினும் இவ்வரலாற்றை வெற்றிக் கதையாக மட்டும் சொல்லி முடித்தல் நேர்மையாகாது. நவம்பர் முதல் மே வரை ஏழு மாதம் ஆமைக் கரைகளை ஒட்டிய கடலில் மீன்பிடித்தல் தடை செய்யப்படுகிறது. பெரிய இழுவைப் படகுக்காரர் வேறு கடல் தேடிச் செல்லலாம். சிறு படகும் கைவலையும் உடைய மீனவர் எங்கே செல்வார்? அரசு தரும் உதவித் தொகை ஏழு மாத அடுப்பை எரிக்கப் போதுவதில்லை என்பது அவர்கள் முறையீடு. முதலைகள் பெருகியமையால், துறையில் குளிக்கவும் துணி துவைக்கவும் இறங்கியவர் உயிரிழப்பதும் நேர்கிறது. அதனால் படித்துறைகளுக்கு வேலி கட்டியுள்ளனர். கஹிர்மாதாவை அடுத்த சதபாயா என்னும் ஊர்த் தொகுதியைக் கடல் சிறிது சிறிதாக விழுங்கியது. மக்கள் நிலமும் வீடும் விட்டு வேறிடம் குடியேற நேர்ந்தது. ஊர் இழந்து பெயர்வதன் துயரை நாம் நன்கு அறிவோம்.

ஆகவே, காவல் என்பது ஒரு முறை அறிவித்து முடிக்கும் செயலன்று என்பதையே கஹிர்மாதா நமக்கு உணர்த்துகிறது. அரசரின் காவல் வேட்டைக்கானது. வனத்துறையின் முதற் காவல் வருவாய்க்கானது. பின் வந்த காவல் உயிருக்கானது. இனி வேண்டுவது, ஆமையைக் காக்கும் சட்டம் அக்கரையில் வாழும் மனிதரையும் காத்தல். மீனவரின் பசியைத் தீர்க்காத காவல், மீனவரே உடைக்க விரும்பும் காவலாக முடியும்.

2021ஆம் ஆண்டில் இக்கரையில் அடையாள வில்லை பூட்டி விடப்பட்ட ஓர் ஆமை, 2025இல் மேற்குக் கடலில், மகாராட்டிர மாநிலத்துக் குஹாகர் கரையில் முட்டையிட்டது. ஒடிசாவிலிருந்து கொங்கணம் செல்ல, கடல்வழியில் தென்முனையைச் சுற்றியே ஆகவேண்டும். ஒரு மாநிலம் காத்த உயிர் மற்றொரு மாநிலத்தின் மணலில் வந்து ஈன்றது. எனவே ஒடிசாக் கரையின் காவல் ஒடிசாவின் கவலை மட்டுமன்று. அடுத்த முறை பத்ரக்கைக் கடந்து வண்டி செல்லும்போது, கிழக்கே ஒரு கணம் திரும்பிப் பார்த்து, அங்கே ஆமையும் முதலையும் அவற்றோடு மனிதரும் வாழ்கின்றனர் என்பதை உடன் வரும் குழந்தைகளுக்குச் சொல்லுங்கள்.