சினிமா வேடத்தில் அரசியல்: தமிழ்த் தொலைக்காட்சிக் குறுநாடக நகைச்சுவையின் மாற்றம்

விஜய் தொலைக்காட்சியில் 2003 முதல் ஒளிபரப்பான ‘லொள்ளு சபா’, தமிழில் குறுநாடக நகைச்சுவைக்குத் தனி வடிவம் தந்தது. ராம்பாலா இயக்க, சந்தானம், சுவாமிநாதன், மனோகர், மாறன், ஜீவா முதலியோர் நடித்தனர். ஓடிய படம் ஒன்றை எடுத்து, தலைப்பைச் சற்றே திரித்து, காட்சி காட்சியாக அதைப் பிரித்து மேய்வதே அதன் முறை. அதன் இலக்கு தலைவர் அல்ல, திரை நாயகன்.

இந்தத் தேர்வே அரசியலின் விளைவு எனலாம். அமெரிக்காவின் ‘சாட்டர்டே நைட் லைவ்’ 1975இல் தொடங்கிய சில வாரங்களிலேயே பதவியிலிருந்த அதிபர் ஃபோர்டைப் பகடி செய்தது. தமிழிலும் மேடைக்கு அந்தத் துணிவு முன்பே இருந்தது. சோவின் ‘முகமது பின் துக்ளக்’ 1968இல் அரங்கேறியது. தொலைக்காட்சியின் நிலை வேறு. திமுக தலைவரின் உறவினர் குடும்பத்திடம் சன், அதிமுக சார்பில் ஜெயா, பாமக சார்பில் மக்கள், 2007இல் கலைஞர், 2010இல் தேமுதிகவின் கேப்டன் எனச் சேனல்கள் கட்சிகளை ஒட்டியே வளர்ந்தன. சொந்தத் தலைவரைப் பகடி செய்ய வழியில்லை. எதிரணித் தலைவரைப் பகடி செய்தால் அது பிரசாரமாகிவிடும். 2001இல் ஸ்டார் நிறுவனத்தின் கைக்கு வந்த விஜய் தொலைக்காட்சிக்குக் கட்சி இல்லை. ஆனால் எல்லாக் கட்சியின் கோபத்துக்கும் அஞ்ச வேண்டியிருந்தது. சினிமா பாதுகாப்பான களமாகத் தெரிந்தது.

அந்தப் பாதுகாப்பு நீடிக்கவில்லை. நாயகனுக்கும் தலைவருக்கும் இடையில் தமிழகத்தில் உயரமான சுவர் கிடையாது. நிகழ்ச்சி ஓடிக்கொண்டிருந்தபோதே, 2005இல், நடிகர் விஜயகாந்த் கட்சி தொடங்கினார். 2007இல் வெளிவந்த ‘போக்கிரி’யை ‘பேக்கரி’ ஆக்கியபோது நடிகர் விஜயின் ரசிகர்கள் கொதித்தனர். ரசிகர் மன்றம் என்பது கிளைக் கழகத்தின் முன்வடிவம் என்பதை வைத்துப் பார்த்தால் அந்தக் கோபமும் அரசியல்தான். அம்மன்றங்கள் பின்னர் மக்கள் இயக்கமாகி, 2024இல் தமிழக வெற்றிக் கழகத்துக்கு அடித்தளமாயின.

2005இல் வந்த ‘கலக்கப்போவது யாரு’ மிமிக்ரியை முன்னிறுத்தியது. குரலையும் கையசைவையும் பிடித்தால் கைதட்டல் கிடைத்தது. அந்தக் குரலுக்குரியவர் பதவியில் என்ன செய்தார் என்ற கேள்விக்கு அங்கே இடம் குறைவு. இந்த இழப்பே இங்கு முதன்மையாகக் கருதத்தக்கது. 2011–16 அதிமுக ஆட்சியில் சுமார் 200 அவதூறு வழக்குகள் தொடுக்கப்பட்ட சூழலில், குரலோடு நின்றுகொள்வது தயாரிப்பாளருக்கு நிம்மதி.

2017இல் நிலைமை தலைகீழானது. பூந்தமல்லியை அடுத்த செம்பரம்பாக்கத்தில், ஈவிபி வளாகத்தில் போடப்பட்ட ‘பிக் பாஸ்’ அரங்கில் தொகுப்பாளராக நின்ற கமல்ஹாசன் அரசியலையும் தொட்டுப் பேசினார்; 2018 பிப்ரவரியில் கட்சியும் தொடங்கினார். தலைவரைக் கலைஞன் பகடி செய்யும் மேடையாக இருக்க வேண்டியது, கலைஞன் தலைவராகும் மேடையாயிற்று.

நையாண்டி மீண்டும் தலைதூக்கியது குழந்தைகளிடம்தான். 2022 ஜனவரி 15 அன்று ஜீ தமிழின் ‘ஜூனியர் சூப்பர் ஸ்டார்ஸ்’ நிகழ்ச்சியில் இரு சிறுவர்கள், ‘இம்சை அரசன் 23ஆம் புலிகேசி’ பாணியில் மன்னரும் அமைச்சருமாக நடித்தனர். கறுப்புப் பணத்தை ஒழிக்கப் பணத்தையே செல்லாததாக்கிய மன்னர், விதவிதமான வண்ணக் கோட்டுகளில் ஊர் சுற்றும் மன்னர் என்று வசனம் நீண்டது. பெயர் எதுவும் சொல்லப்படவில்லை. யாரென்று பார்த்தவர்களுக்குப் புரிந்தது. பாஜக தரப்பு புகார் செய்ய, இரண்டே நாளில் ஒன்றிய தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் விளக்கம் கேட்டு சேனலுக்கு நோட்டீஸ் அனுப்பியது. லொள்ளு சபா கையாண்ட சினிமா வேடம் இனி யாரையும் காக்காது என்பதை அந்த நோட்டீஸ் உறுதிசெய்தது.

கூர்மையான அரசியல் குறுநாடகம் யூடியூபுக்கு இடம்பெயர்ந்தது. கோபி–சுதாகர் இணையின் ‘பரிதாபங்கள்’ அதற்குச் சான்று. அங்கும் புகார்கள் துரத்துகின்றன: சாதி ஆணவத்தைச் சாடிய அவர்களின் 2025 ஆகஸ்ட் காணொளி மீதும் காவல்துறையில் புகார் அளிக்கப்பட்டது. ஆயினும் காணொளியின் கீழே தயாரித்தவர்களின் பெயர் இருக்கிறது, உரிமையாளராக ஒரு கட்சியின் பெயர் இல்லை. தமிழ்த் தொலைக்காட்சி தன் நகைச்சுவையாளர்களுக்கு இன்றுவரை தராத சுதந்திரம் அதுவே.