பன்னிரண்டு நாட்களின் கணக்கு

தொல்காப்பியக் கற்பியலில் ஒரு நூற்பா உண்டு. பரத்தையிடம் பிரிந்து சென்ற தலைவனேயாயினும், தலைவிக்குப் பூப்பு நிகழ்ந்ததை ஒட்டிய பன்னிரண்டு நாட்கள் அவளை நீங்கி உறைதல் கூடாது என்பது அதன் பொருள். பூப்பு என்பது இங்கே மாதந்தோறும் நிகழ்வது. அது கருத்தோன்றும் காலம் என்று உரையாசிரியர்கள் காரணமும் சொல்லிவிடுகிறார்கள். வகுப்பறையில் எம்மவர் பெரும்பாலும் விரைந்து கடந்துவிடும் இடம் இது. பரத்தையர் பிரிவை ஒரு மணி நேரம் விளக்கத் தயங்காத நாம், இந்நூற்பாவுக்கு மட்டும் ஏன் நாணுகிறோம் என்பது தனியே ஆராயத்தக்கது.

பெண்ணுடலில் கருத்தரிக்கும் நாள், தரிக்காத நாள் என்ற வேறுபாடு உண்டு என்னும் அறிவு பழையது. மனுஸ்மிருதியும் பதினாறு இரவுகள் என்று ஒரு கணக்கு வைத்திருக்கிறது. ஆனால் இவ்விரு நூல்களிலும் அக்கணக்கு கணவனின் கடமைக்கானது. இப்போது குழந்தை வேண்டாம் என்று கருதும் ஒருத்திக்கு அதே கணக்கு எதிர்த்திசையில் பயன்படுமே என்ற எண்ணத்திற்கு அங்கே இடமில்லை.

நவீன மருத்துவமும் இதில் நெடுங்காலம் தடுமாறியது. விலங்குகளின் குருதிப்போக்கோடு ஒப்பிட்டு, மாதவிலக்கை ஒட்டியே கருமுட்டை வெளிப்படுகிறது எனப் பத்தொன்பதாம் நூற்றாண்டு மருத்துவர் பலர் நம்பினர். ஆகவே, இரு விலக்குகளுக்கு இடைப்பட்ட நாட்களே பாதுகாப்பானவை என்று அறிவுரையும் தந்தனர். உண்மைக்கு நேர் மாறான அறிவுரை! ஜப்பானிய மருத்துவர் கியூசாகு ஒகினோ 1924இல் இதைத் திருத்தினார். அடுத்த விலக்குக்கு 12 முதல் 16 நாட்களுக்கு முன்பு கருமுட்டை வெளிப்படுகிறது என்பது அவர் முடிவு. ஆஸ்திரியாவில் ஹெர்மன் க்னௌஸும் தனியாக ஏறத்தாழ இதே முடிவுக்கு வந்தார். கணக்கைப் பின்னோக்கிப் போட வேண்டும் என்பதில்தான் இதன் நுட்பமும் இடரும் அடங்கியுள்ளன. வராத விலக்கின் தேதியை யார் அறிவார்? ஒகினோவின் அக்கறை கருத்தரிப்புக்கு உதவுவதில்தான் இருந்தது. தம் கண்டுபிடிப்பைக் கருத்தடை முறையாகக் கொள்வதை அவர் ஏற்கவில்லை.

1930களில் இவ்விவாதம் நம் மண்ணிலும் சூடாக நடந்தது. 1935 டிசம்பரில் வார்தாவில் மார்கரெட் சாங்கர் காந்தியைச் சந்தித்தார். கருத்தடைக் கருவிகளை அறவே மறுத்த காந்தி, 'பாதுகாப்பான நாட்கள்' முறையில் சிறிதளவேனும் புலனடக்கம் உண்டு என்று அதனிடம் மட்டும் சற்று நெகிழ்ந்தார். தமிழ்நாட்டில் பெரியார் 'குடி அரசு' இதழில் வேறு தளத்தில் நின்று எழுதினார். நாட்டின் வறுமை, தாயின் உடல்நலம் என்றெல்லாம் பிறர் காரணம் கூற, பெண்ணின் விடுதலைக்காகவே கர்ப்பத்தடை வேண்டும் என்றார் அவர். பிள்ளைப்பேற்றைத் தள்ளிவைப்பதும் தவிர்ப்பதும் அவளுடைய முடிவு என்ற இந்த நிலைப்பாடு அன்றைய இந்தியச் சூழலில் அரிது.

விடுதலைக்குப் பின் வென்றது காந்தியின் நெகிழ்வே. முதல் சுகாதார அமைச்சரான ராஜகுமாரி அம்ரித் கௌர் காந்தியின் வழி வந்தவர். உலக சுகாதார நிறுவனத்தின் துணையோடு, ஆபிரகாம் ஸ்டோன் என்னும் அமெரிக்க மருத்துவர் 1951இல் அழைத்துவரப்பட்டார். தில்லியின் லோதி காலனியிலும் மைசூர் மாநிலத்து ராமநகரத்திலும் சோதனை நடந்தது. பெண்களுக்கு மணிமாலைகள் வழங்கப்பட்டன. பச்சை மணி பாதுகாப்பான நாளைக் குறித்தது. சிவப்பு மணி கருத்தரிக்கும் நாளைக் குறித்தது. ஒவ்வொரு நாளும் ஒரு மணியை நகர்த்த வேண்டும். சோதனை வெற்றி பெறவில்லை. மணிகளைப் பச்சைப் பக்கம் தள்ளிவிட்டாலே போதும், குழந்தை பிறக்காது என்று கிராமத்துப் பெண்கள் நம்பினார்களாம். இக்கதையை இன்றும் நகைச்சுவையாகச் சொல்வோர் உண்டு. எனக்கு அது நகைச்சுவையாகப் படவில்லை. பாலூட்டும் காலத்தும் உடல்நலிவிலும் சுழற்சி சீராக அமைவதில்லை. இரவில் சிவப்பு மணியைக் காட்டிக் கணவனை மறுக்கும் உரிமையும் அந்த மாலையோடு சேர்த்து வழங்கப்படவில்லை. பழி மட்டும் அப்பெண்களின் அறியாமை மேல் விழுந்தது.

அதன் பின் அரசுகள் அறுவைச் சிகிச்சையின் பக்கம் சாய்ந்தன. தமிழ்நாட்டில் குழந்தைப் பிறப்பு வியக்கத்தக்க வேகத்தில் குறைந்தது. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் ஒரு பெண்ணுக்கு 1.8 குழந்தைகள். ஆனால் இச்சாதனையின் பெரும்பகுதி, திருமணமான கையோடு இரண்டு பெற்று, இருபதுகளிலேயே குடும்பக் கட்டுப்பாட்டு அறுவை செய்துகொண்ட பெண்களால் வந்தது. தள்ளிப்போடுவது என்ற ஒன்று அந்த வாழ்க்கையில் இல்லை. ஆகவே, நாட்களை அறிய வேண்டிய தேவையும் இல்லாது போயிற்று.

மணிமாலை மீண்டும் வந்தது வேறொரு வழியில். 2000களின் தொடக்கத்தில் ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், 26 முதல் 32 நாள் சுழற்சி உடையவர்களுக்கென ஒரு மாலையை வகுத்தனர். எட்டாம் நாள் முதல் பத்தொன்பதாம் நாள் வரை வெள்ளை மணிகள். எண்ணிப் பார்த்தால் பன்னிரண்டு. தொல்காப்பியரின் பன்னிரண்டும் இதுவும் ஒன்றல்ல; தொடங்கும் நாள் வேறு. 'அன்றே சொன்னார்' என்று கொண்டாட இதில் ஒன்றுமில்லை.

இன்று என்னிடம் பயிலும் முதுகலை மாணவியர் சிலருக்கு நாட்கணக்கைக் காட்டிலும் ஆண்டுக்கணக்கே கவலையாக இருக்கிறது. ஆய்வுப் பட்டம், வேலை, பிறகுதான் குழந்தை என்று அவர்கள் முடிவெடுக்கிறார்கள். முப்பத்தைந்தை ஒட்டிக் கருத்தரிக்கும் வாய்ப்பு விரைந்து குறையத் தொடங்கும் என்பதை அவர்களுக்குச் சொல்வோர் பெரும்பாலும் அச்சுறுத்தவே சொல்கிறார்கள். நகரங்களில் 'ஏ.எம்.எச்.' எனும் குருதிச் சோதனையைச் செய்துகொள்ளுமாறு விளம்பரங்கள் அழைக்கின்றன. எஞ்சியுள்ள கருமுட்டைகளின் அளவை அது ஏறத்தாழ உணர்த்தும். இயல்பாகக் கருத்தரிக்க இயலுமா, இன்னும் எத்தனை ஆண்டு காத்திருக்கலாம் என்ற கேள்விகளுக்கு அதனிடம் விடை இல்லை.