யமுனையின் ஒரே கரையில்

வடநாட்டுப் பயணம் மேற்கொள்வோர் பெரும்பாலும் இரண்டு பட்டியல்களோடு புறப்படுகின்றனர். ஆக்ராக் கோட்டை, தாஜ்மகால், பதேபூர் சிக்ரி ஆகியவை கண்டு களிக்க வேண்டியவை. மதுராவும் பிருந்தாவனமும் கோகுலமும் சேவித்து வர வேண்டியவை. ஆக்ராவுக்கும் மதுராவுக்கும் இடையே உள்ள சாலைத் தொலைவு ஏறத்தாழ 60 கிலோமீட்டர்தான். தாஜ்மகாலும் பிருந்தாவனமும் யமுனையின் ஒரே கரையில், வலக்கரையில், அமைந்தவை. ஆயினும் ஒன்று முகலாயருக்குரியது, மற்றது இந்துக்களுக்குரியது என்று நம் மனங்களில் ஓர் எல்லைக்கோடு விழுந்துவிட்டது. இவ்விரு பட்டியல்களையும் ஒருசேரப் படித்தாலன்றி இவற்றுள் எதனையும் முழுமையாக அறிய இயலாது.

1563ஆம் ஆண்டு அக்பர் மதுராவின் அருகே வேட்டைக்கு வந்து தங்கியிருந்தார். அங்கு நீராட வரும் யாத்திரிகரிடம் வரி தண்டப்படுவதை அப்போது அறிந்து, தம் ஆட்சிப் பரப்பெங்கும் அவ்வரியை நீக்கினார். மறு ஆண்டு ஜிஸியா வரியும் நீங்கியது. சைதன்யரின் சீடர்களான ரூப கோஸ்வாமி முதலியோர் அதற்குச் சில பத்தாண்டுகள் முன்பே பிருந்தாவனத்தில் தங்கி, கண்ணன் விளையாடிய இடங்கள் எனக் கருதப்பட்டவற்றை மீட்டெடுத்து வந்தனர். பேரரசின் ஆதரவு கிட்டியதும் அக்காட்டுப் பகுதி கோயில் நகரமாக வளர்ந்தது.

அவ்வளர்ச்சியின் உச்சம் 1590இல் எழுந்த கோவிந்ததேவர் கோயில். அதைக் கட்டுவித்தவர் ஆமேர் அரசரும் அக்பரின் பெரும்படைத் தலைவருமான மான்சிங். 1571இல் தொடங்கப்பெற்ற பதேபூர் சிக்ரியைப் போன்றே இக்கோயிலும் செம்மணற்கல்லால் ஆனது. பதேபூர் சிக்ரி அரண்மனைகளில் தூணும் உத்தரமும் போதிகையும் கொடுங்கையுமாக இந்நாட்டுக் கோயிற்கலையின் உறுப்புகள் நிறைந்திருக்கின்றன. பிருந்தாவனத்துக் கோயிலிலோ, மசூதிகளில் பயின்ற வில்வளைவுக் கூரையும் குவிமாடமும் கண்ணன் சந்நிதியின் முன்மண்டபத்தை மூடி நிற்கின்றன. ஒரு தலைமுறைக் கைவினைஞரின் உளிகள் அரண்மனைக்கும் கோயிலுக்கும் பொதுவானதொரு கல்மொழியை அறிந்திருந்தன.

கல்லைப் போலவே குடிவழியும் இவ்வூர்களை இணைக்கிறது. மும்தாஜ் மகல் 1631இல் மறைந்தபின், ஷாஜகான் கல்லறை எழுப்பத் தேர்ந்த யமுனைக்கரை நிலம் மான்சிங்கின் குடிக்கு உரியதாக இருந்தது. அவர் வழிவந்த ஜெய்சிங் அந்நிலத்தைக் கொடுத்து, ஈடாக ஆக்ராவில் மாளிகைகளைப் பெற்றார். மக்ரானா பளிங்கை ஆக்ராவுக்கு அனுப்ப வண்டிகளை ஏற்பாடு செய்யுமாறு பேரரசர் பணித்ததும் அவரைத்தான். கோவிந்ததேவர் கோயிலை எழுப்பிய அதே குடியே தாஜ்மகாலுக்கு நிலமும் வழங்கியது.

இவ்வளவோடு நிறுத்தினால் அது வரலாறாகாது. இனிய கதையாகவே முடியும். ஜகாங்கீர் காலத்தில் பீர்சிங் தேவ புந்தேலா மதுராவில் பெரும்பொருட்செலவில் எழுப்பிய கேசவதேவர் கோயில் 1670இல் ஔரங்கசீப்பின் ஆணைப்படி இடிக்கப்பட்டு, அவ்விடத்தில் ஈத்கா எழுந்தது. அதற்கு முந்தைய ஆண்டில்தான் அப்பகுதி ஜாட் உழவர் கோகுலாவின் தலைமையில் பேரரசை எதிர்த்துக் கிளர்ந்திருந்தனர். அரசியல் காரணம் அச்செயலை விளக்க உதவலாம். அதனால் அடியாரின் இழப்பு குறைந்துவிடாது. 1679இல் ஜிஸியாவும் மீண்டது. கோவிந்ததேவர் கோயில் தன் கருவறையையும் மேல்நிலைகளையும் இழந்தது. அச்சத்தால் பிருந்தாவனத்தை விட்டுக் கொண்டுசெல்லப்பட்ட திருவுருவம், பல இடங்களில் தங்கி, இறுதியில் ஜெய்ப்பூர் அரண்மனை வளாகத்தை அடைந்தது. அங்கு அடைக்கலம் தந்தவர்களும் மான்சிங்கின் வழியினரே.

அக்பரின் கொடையை மட்டும் பேசுவோர் 1670ஐ மறைக்கின்றனர். 1670ஐ மட்டும் பேசுவோர் 1590ஐ மறைக்கின்றனர். மதுராவின் அந்நிலம் குறித்து 2020 முதல் புதிய வழக்குகள் தொடுக்கப்பட்டுள்ள காலத்தில், இரண்டு ஆண்டெண்களையும் ஒருங்கே நினைவிற்கொள்வது கற்றோர் கடமையாகிறது.

கவிஞர்கள் அக்கடமையை முன்னமே செய்து காட்டியுள்ளனர். அக்பரின் அவையில் விளங்கிய அப்துர் ரஹீம் கான்கானான், பாபரின் தன்வரலாற்றைப் பாரசீகத்தில் பெயர்த்தவர். அவரே மக்கள் மொழியில் ஈரடிப் பாக்களும் இயற்றினார். கண்ணனையே பாடுபொருளாகக் கொண்ட ரஸ்கான் பிறப்பால் முஸ்லிம். அவருடைய கல்லறை கோகுலத்தை அடுத்த மகாவனத்தில் உள்ளது. மதுராப் பகுதியின் பேச்சான விரஜமொழி கோயிலிலும் அவையிலும் ஒருங்கே கவிதை மொழியாயிற்று.

தமிழுக்கும் அக்கரையில் ஓர் இடம் உண்டு. கோவிந்ததேவர் கோயிலின் அருகிலேயே, தென்னாட்டுக் கோபுரங்களோடு, 1851இல் நிறைவுற்ற ரங்கஜி கோயில் நிற்கிறது. மதுராவின் செல்வர் குடும்பத்தார் வைணவ ஆசாரியர் ரங்காசாரியரின் வழிகாட்டலில் எழுப்பிய அக்கோயிலில் ரங்கமன்னாரோடு எழுந்தருளியிருப்பவள் ஆண்டாள். வில்லிபுத்தூரில் இருந்தபடியே யமுனைத் துறைவனைப் பாடியவளுக்கு, ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின் அந்த யமுனைக்கரையிலேயே ஒரு கோயில் அமைந்தது.

ரங்கஜி கோயிலைத் தேடிச் செல்லும் தமிழர் பலர், பக்கத்தில் உயரம் குன்றி நிற்கும் செம்மணற்கல் மண்டபத்தைக் கடந்து போய்விடுகின்றனர். சற்றே உள்ளே நுழைந்து அண்ணாந்து நோக்குதல் நன்று. மேலே ஆக்ராவில் கண்ட அதே வளைவு. எதிரே மூலவர் நீங்கிய வெறுமை. அக்பர் காலத்துக் கொடையும் ஔரங்கசீப் காலத்து இழப்பும் அந்த ஒரே மண்டபத்தில் இருக்கின்றன.