எண் அழிந்த வால்வும் ஏட்டில் நின்ற அளவும்



சில ஆண்டுகளுக்கு முன்பு, ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவன் பழைய துண்டில் சுற்றிய கண்ணாடிக் குடுவை ஒன்றை வகுப்பறைக்குக் கொண்டு வந்தான். ஏறத்தாழ 19 சென்டிமீட்டர் உயரம். உச்சியில் ஓர் உலோகத் தொப்பி, அடியில் ஏழு கால்கள், உள்ளே சாம்பல் நிறத் தகடு. "ஐயா, இது எங்க தாத்தாவோட விளக்கு. எரிய வைக்கலாமா?" என்று கேட்டான். அவனுடைய தாத்தா வானொலித் தொழில்நுட்பராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவர். அதற்குச் சில மாதங்களுக்கு முன்புதான் காலமாகியிருந்தார்.

அது விளக்கு அன்று என்பது மட்டும் எனக்குத் தெரிந்தது. வானொலி அலைபரப்பிகளில் பயன்பட்ட வெற்றிடக் குழல் அது. பேச்சு வழக்கில் வால்வு என்போம். 1937-ஆம் ஆண்டில் சிங்கப்பூரில் பிரித்தானிய மலாயா ஒலிபரப்புக் கழகம் ஒலிபரப்பைத் தொடங்கியபோதும், 1946-இல் மலாயா வானொலி பிறந்தபோதும் குரலை வான்வழி அனுப்பியவை வால்வுகளே. ஆனால், இந்த வால்வுக்கு எத்தனை வோல்ட் கொடுக்க வேண்டும்? எந்தக் கால் எதனோடு இணையும்? எவ்வளவு வெப்பத்தைத் தாங்கும்? ஒன்றும் தெரியவில்லை. அந்த விடைகளைத் தேடியபோது நான் கற்ற வரலாற்றையே இங்கே எழுதுகின்றேன்.

அளவுகள் பிறந்த கதை

1904-இல் இங்கிலாந்தில் ஜான் அம்புரோஸ் பிளெமிங் இரண்டு மின்முனைகள் கொண்ட வால்வை உருவாக்கினார். 1906-இல் அமெரிக்கர் லீ டி ஃபாரஸ்ட் மூன்றாவது முனையைச் சேர்த்து அதற்கு ஆடியான் என்று பெயரிட்டார். எனினும், அந்த ஆடியானின் உள்ளே காற்றின் எச்சம் இருந்தது. ஒன்று இயங்குவதுபோல் மற்றொன்று இயங்காது. அத்தகைய பொருளுக்கு அளவுகளை அச்சிட்டு என்ன பயன்?

1912, 1913 அளவில் வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் ஹரால்டு ஆர்னால்டும் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் இர்விங் லாங்மியூரும் குழலினுள் உயர் வெற்றிடத்தை உண்டாக்கும் வழியைச் செம்மைப்படுத்தினர். அதன் பின்னரே ஒரு வால்வைப்போல் மற்றொரு வால்வு இயங்கத் தொடங்கியது. 1915-இல் அமெரிக்காவின் ஆர்லிங்டன் கடற்படை நிலையத்தில் ஏறத்தாழ 500 வால்வுகளை ஒன்றாக இணைத்து அனுப்பிய மனிதக் குரல், அட்லாண்டிக் பெருங்கடலைக் கடந்து பாரிசின் ஐபெல் கோபுரத்தில் கேட்டது. ஒத்த இயல்புடைய வால்வுகள் இல்லையேல் அப்படி ஒரு கூட்டணியை நினைத்துப் பார்த்திருக்கவும் முடியாது.

முதல் உலகப் போரில் அமெரிக்கப் படையின் தொடர்புப் பிரிவு விடி-1, விடி-2 என்று வால்வுகளுக்கு எண்ணிட்டது. 1921-இல் ஆர்.சி.ஏ. நிறுவனம் யூவி-202, யூவி-203, யூவி-204 என்னும் அலைபரப்பி வால்வுகளை விற்பனைக்குக் கொண்டு வந்தது. அவற்றின் திறன் முறையே 5, 50, 250 வாட். எண் என்பது வெறும் பெயர் அன்று. 'இந்த எண்ணுள்ள வால்வு எதை வாங்கினாலும் இவ்வாறே இயங்கும்' என்று தொழிற்சாலை தந்த வாக்கு அது. அந்த வாக்கை எழுத்தில் வைத்ததே தரவுத்தாள்.

தாள் நூலாயிற்று

வால்வுகள் பெருகப் பெருகத் தாள்களும் பெருகின. ஆர்.சி.ஏ. நிறுவனம், தாள்களைக் கழற்றிச் சேர்க்கக்கூடிய கையேடு ஒன்றைச் சந்தாதாரர்களுக்கு வழங்கியது. புதிய தாள் வந்தால் பழையதை எடுத்துவிட்டுச் செருக வேண்டும். அலைபரப்பி வால்வுகளுக்கென்றே 1938-இல் டிடி-3, 1956-இல் டிடி-4, 1962-இல் டிடி-5 ஆகிய நூல்களையும் அது வெளியிட்டது. அமெரிக்க வானொலி ஆர்வலர் கழகம் 1926 முதல் வெளியிட்டு வந்த கையேட்டிலும் வால்வு அட்டவணைகள் இடம்பெற்றன. 1934-இல் கலிபோர்னியாவில் தோன்றிய ஐமாக், ஐரோப்பாவின் பிலிப்ஸ், முல்லார்டு ஆகிய நிறுவனங்களும் தத்தம் தாள்களை அச்சிட்டன.

ஒன்றுக்குப் பல பெயர்

தேடுபவரை முதலில் மயக்குவது பெயரே. ஆர்.சி.ஏ. 813 என்று அழைத்த வால்வு, அமெரிக்கப் படையில் விடி-144; பிரித்தானியப் படைகளின் பொதுப் பட்டியலில் சிவி 26; பிலிப்ஸ் நிறுவனத்தில் கியூபி 2/250; உருசியாவில் ஜியூ-13; சீனாவில் எஃப்யூ-13. 807 என்னும் சிறிய வால்வோ, அமெரிக்கப் படையில் விடி-100, பிரித்தானிய வான்படையில் விடி 60ஏ. இருவருமே 'விடி' என்கின்றனர். ஆனால் இரண்டும் வெவ்வேறு பட்டியல்கள். ஒரு நாட்டின் எண்ணை மறுநாட்டின் நூலில் தேடினால் தவறான வால்வின் அளவுகள்தாம் கிடைக்கும்.

பிலிப்ஸ் வைத்த பெயரோ தன் பொருளைத் தானே சொல்லும். கியூ என்றால் நான்கு மின்முனைகள் உடையது. பி என்றால் தோரியம் கலந்த டங்ஸ்டன் இழை. 2 என்பது 2 கிலோவோல்ட். 250 என்பது ஏறத்தாழ அது தரும் வாட் திறன்.

தாளில் படிக்க வேண்டியவை

அளவு கிடைத்தவுடன் வேலை முடிந்துவிடாது. 813-க்கு இரண்டு வகை உச்ச அளவுகள் உள்ளன. இடைவிடாத வணிகப் பயன்பாட்டிற்குத் தகட்டில் 2000 வோல்ட், தகடு தாங்கும் வெப்பம் 100 வாட். விட்டுவிட்டு இயக்கும் பயன்பாட்டிற்கு 2250 வோல்ட், 125 வாட். வால்வு ஒன்றே. ஆயினும், கூடுதல் திறன் வேண்டுமானால் ஆயுள் குறைவதை ஏற்க வேண்டும். இந்த விளக்கம் இல்லாமல் பெரிய எண்ணை மட்டும் எடுத்துக்கொள்பவர் வால்வை விரைவில் இழப்பார்.

இழைக்கு 10 வோல்ட், 5 ஆம்பியர். தோரியம் கலந்த இழையின் மின்னழுத்தம் குறித்த அளவிலிருந்து 5 விழுக்காட்டிற்கு மேல் விலகாமல் இருப்பது நலம். இனி, கால்களின் படம். அது வால்வை அடியிலிருந்து பார்ப்பதாக வரையப்பட்டிருக்கும். மேலிருந்து பார்ப்பதாக எண்ணி இணைத்தால் எல்லாம் இடம் வலமாக மாறிவிடும்.

சில தாள்கள் உயிரையும் பொருளையும் காப்பவை. 866-ஏ என்னும் பாதரச ஆவி வால்வின் இழையை 30 வினாடி சூடாக்கிய பின்னரே தகட்டிற்கு உயர் மின்னழுத்தம் தர வேண்டும் என்பது விதி. பிற்காலப் பீங்கான் வால்வுகள் சிலவற்றில் பெரிலியம் ஆக்சைடு உண்டு. உடைத்தால் எழும் தூள் நுரையீரலுக்கு நஞ்சு. பார்த்த மாத்திரத்தில் இவற்றை எவரும் அறிய இயலாது. தாள்தான் சொல்ல வேண்டும்.

நூல்கள் போன இடம்

டிரான்சிஸ்டர் வந்தபின் வால்வுத் தொழிற்சாலைகள் ஒவ்வொன்றாகச் சுருங்கின. ஆர்.சி.ஏ. 1976-இல் வானொலிப் பெட்டிகளுக்கான வால்வு உற்பத்தியை நிறுத்தியது. 1986-இல் அந்நிறுவனமே ஜெனரல் எலெக்ட்ரிக்கின் கைக்குப் போனது. வால்வுகளாவது அலமாரிகளில் தங்கின. கையேடுகளைப் பழைய தாள் என்று பலர் எறிந்துவிட்டனர். இன்று நமக்கு அவை கிடைக்கின்றன என்றால், பல நாடுகளைச் சேர்ந்த ஆர்வலர்கள் எவருடைய கட்டளையும் இன்றித் தம் கையிலிருந்த தாள்களை ஒவ்வொரு பக்கமாகப் படியெடுத்து வைத்ததுதான் காரணம்.

மீண்டும் அந்தக் குடுவை

மாணவன் கொண்டு வந்த வால்வில் எழுத்து ஏறக்குறைய அழிந்திருந்தது. துணியால் துடைக்க முற்பட்ட என்னைப் பழைய வானொலிகளைப் பழுதுபார்க்கும் நண்பர் ஒருவர் தடுத்தார். துடைத்தால் எஞ்சியதும் போய்விடுமாம். கண்ணாடியின்மேல் மெல்ல மூச்சை ஊதி, சாய்வான ஒளியில் பார்க்கச் சொன்னார். பனித்த கண்ணாடியில் பிரித்தானிய அரசுடைமையைக் குறிக்கும் அம்புக்குறியும் 'சிவி 26' என்னும் எழுத்துகளும் தெரிந்தன. பின்னர் 813-இன் தாளைக் கண்டுபிடித்துப் படியெடுத்துக்கொண்டு அந்த மாணவனின் வீட்டிற்குச் சென்றேன்.

பாட்டியார் என்னை வரவேற்று அமரச் செய்தார். வாசலில் பழைய பேப்பர்காரருக்காகக் கட்டி வைத்திருந்த தாள் கட்டைக் கண்டு, "அம்மா, இதைக் கொஞ்சம் பார்க்கலாமா?" என்றேன். நாளிதழ்களுக்கு நடுவே நீல அட்டைக் குறிப்பேடு ஒன்று இருந்தது. ஒரு பக்கத்தில், கறுப்பு மையில், தெளிவான தமிழில் இப்படி எழுதியிருந்தது: "813. இழை 10 வோ. 5 ஆ. மேல் தொப்பி 2000 வோ. தொடாதே." அடுத்த வரியில் கால்களின் படம், அதன் கீழே, "அடியிலிருந்து பார்க்க."

நான் வாரக்கணக்கில் தேடிய அளவுகள், ஓர் எண்ணும் பிசகாமல், அவ்வீட்டின் வாசலிலேயே கிடந்தன. மறுநாள் காலையில் பேப்பர்காரர் வருவதாக இருந்தது.

பள்ளி விடுமுறையில் நண்பரின் பட்டறையில் இழைக்கு மட்டும் 10 வோல்ட் கொடுத்தோம். தொப்பியில் எதையும் இணைக்கவில்லை. வால்வினுள் பொன்னிற ஒளி எழுந்தது. மாணவன் நெடுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, தாத்தாவின் குறிப்பேட்டில் அந்த வரியின் பக்கத்தில், "சரி பார்த்தேன்" என்று எழுதித் தன் பெயரையும் தேதியையும் இட்டான்.

அன்பர்களே, உங்கள் இல்லத்துப் பெரியவர்களும் ஏதேனும் ஒரு தொழிலின் அளவுகளை எங்கேனும் குறித்து வைத்திருக்கக்கூடும். பழைய தாளோடு கட்டுவதற்கு முன் ஒருமுறை புரட்டிப் பாருங்கள்.