புத்தளம் கரையோரத்தில் வீட்டுக் காற்றாலை வணிகம்

இலங்கையின் வடமேல் மாகாணத்தில், சிலாபத்திலிருந்து கற்பிட்டி முனை வரையான கரையில் வீடு, தோட்டம், இறால் பண்ணை, விடுதி முதலியவற்றுக்குச் சிறு காற்றாலைகளை விற்று, நிறுவி, பராமரிக்கும் தொழில். இவற்றின் திறன் சில நூறு வாட்டிலிருந்து சில கிலோவாட் வரை இருக்கும். நாட்டின் தலைசிறந்த காற்றுவளப் பகுதிகளுள் ஒன்றாக இருந்தும் இத்தொழில் இங்கே வேரூன்றவில்லை. காற்றால் பணம் பார்த்தவர்கள் பெரிய ஆலைக்காரரும், பட்டத்தைப் பிடித்து அலைமேல் சறுக்க வரும் வெளிநாட்டாருக்கு அறை கொடுக்கும் கற்பிட்டி விடுதிக்காரருமே.

காற்றும் பெரிய ஆலைகளும்

மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்கிலிருந்து சோளகம் ஓயாமல் வீசும். டிசம்பர் முதல் பெப்ரவரி வரை வடகிழக்கிலிருந்து வாடை. இடைப்பட்ட மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் காற்று விழுந்துவிடும். அப்போது வருவது இடியும் மின்னலுமே. அமெரிக்கத் தேசியப் புதுப்பிக்கத்தக்க ஆற்றல் ஆய்வகம் 2003இல் வெளியிட்ட இலங்கைக் காற்றுவள வரைபடம் இக்கரையின் வளத்தை முதலீட்டாளருக்கு எடுத்துக்காட்டியது. 2010 முதல் மாம்புரி, சேகுவன்தீவு, விடத்தமுனை, நிர்மலபுர ஆகிய இடங்களில் ஆலைகள் எழுந்தன. இவற்றில் பல 10 மெகாவாட்டை ஒட்டியே நிற்பது தற்செயலன்று. சிறு உற்பத்தியாளருக்கு இலங்கை மின்சார சபை வழங்கிய நிலையான கொள்வனவு உடன்படிக்கையின் எல்லை அதுவே.

சிறு சுழலியின் கணக்கு

இலங்கையில் சிறு காற்றாலைக்கு ஒரு முன்கதை உண்டு. 1970களின் இறுதியில் நீர்வளச் சபை நெதர்லாந்து உதவியுடன் காற்றால் நீர் இறைக்கும் பொறிகளை உருவாக்கியது. 1990களின் இறுதியில், பின்னாளில் ‘பிரக்டிகல் அக்ஷன்’ எனப் பெயர் மாற்றிக்கொண்ட தொண்டு நிறுவனம், உள்ளூர்ப் பட்டறைகளிலேயே செய்யக்கூடிய, பற்றரி ஏற்றும் சிறு சுழலிகளை வடிவமைத்தது. கார் பற்றரியைச் சைக்கிளில் கட்டி நகரத்துக்குக் கொண்டுபோய்ச் சார்ஜ் ஏற்றிய குடும்பங்களுக்கு அதில் சேமிப்பு மெய்யாகவே இருந்தது. பிறகு மின்கம்பி ஊரூராக வந்தது. அந்தச் சந்தையும் கரைந்தது.

இன்று சுழலி வாங்குபவரின் கணக்கு காற்றின் வேகத்தில் தொடங்குகிறது: வேகம் பாதியானால் காற்றிலுள்ள ஆற்றல் எட்டில் ஒன்றாகும். விற்பனைத் தாளில் ‘1 கிலோவாட்’ என்றிருப்பது பெரும்பாலும் நொடிக்கு 11, 12 மீட்டர் வேகத்தில் கிடைக்கும் திறன். சராசரி 6 மீட்டர் வேகமுள்ள திறந்த மணல்வெளியில் 2 மீட்டர் விட்டச் சுழலி மாதம் ஏறத்தாழ 100 அலகு தரலாம். சராசரி 4 மீட்டரானால் 30 அலகு கிடைப்பதே பெரிது. சுற்றிலும் 150 மீட்டருக்குள் உள்ள எதையும்விட 9 மீட்டர் கூடுதல் உயரத்தில் சுழலி நிற்க வேண்டும் என்பது துறையின் பொதுவிதி. தென்னை 20 மீட்டருக்கு வளரும் மாவட்டத்தில், கோபுரம் சுழலியைவிட விலை கூடியதாகிவிடுவதில் வியப்பில்லை. கூரைமேல் பொருத்துவது அதைவிட மோசம். பிரித்தானியாவில் 2009இல் முடிந்த வார்விக் ஆய்வில், கட்டடங்களில் பொருத்திய சுழலிகள் சராசரியாகத் தம் முழுத்திறனில் நூற்றுக்கு ஒரு பங்கைக்கூடத் தரவில்லை.

பணம்

2010ஐ ஒட்டி அறிமுகமான நிகர அளவீட்டு முறையில், வீட்டில் உற்பத்தியான மின்சாரம் பட்டியலில் கழியும்; மிச்சம் அடுத்த மாதத்துக்குப் போகும்; காசு கையில் வராது. 2016இல் ‘சூரிய பல சங்கிராமய’ திட்டம் மிகை மின்சாரத்துக்குப் பணம் கொடுத்தது, ஆனால் கூரைச் சூரிய மின்சாரத்துக்கு மட்டுமே. ஆகவே “காற்றாலை வைத்தால் மாதாமாதம் காசு வரும்” என்று சொல்லி விற்பவரிடம் உடன்படிக்கையைக் காட்டச் சொல்லிக் கேட்பதே முறை.

2022 ஓகஸ்டில் கட்டணம் சராசரியாக 75 வீதமும், 2023 பெப்ரவரியில் 66 வீதமும் ஏறியபோது வீட்டு மின்னுற்பத்தி பற்றிய பேச்சு சூடுபிடித்தது. ஆயினும் கட்டணம் படிப்படியாக ஏறும் முறையில், 60 அலகுக்குள் எரிக்கும் மீனவர் வீட்டுக்குச் சேமிப்பு சொற்பம். கூடுதலாக எரிக்கும் விடுதிக்கே அது பெரிது. இறால் பண்ணைகளுக்குத் தேவை பெரிதென்றாலும் இந்தப் பொறி எட்டாது: காற்றூட்டி மோட்டார் ஒன்றின் ஒரு குதிரைவலுவுக்கே 750 வாட் வேண்டும். மேலே சொன்ன சுழலி நல்ல இடத்திலும் சராசரி 150 வாட்டைத் தாண்டாது.

நல்ல வாடிக்கையாளர் மின்வலைக்கு வெளியேதான் இருக்கிறார். யாழ்ப்பாணத்தின் எழுவைதீவில் சிறு காற்றாலைகள், சோலார், பற்றரி, டீசல் நான்கையும் இணைத்த அமைப்பு ஏற்கனவே நிறுவப்பட்டது. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவுக்கு இந்திய நன்கொடையில் 2024இல் ஒப்பந்தமான திட்டத்தில் சோலார் 1,700 கிலோவாட், காற்று 530 கிலோவாட். மொத்தத் திறனில் காற்றின் பங்கு சிறிது. ஆனால் இரவிலும் மழைமூட்ட நாளிலும் சோலார் விடும் இடைவெளியை நிரப்ப அது உதவும். கற்பிட்டிக்கு அப்பாலுள்ள மீன்வாடித் தீவுகளுக்கும், கம்பி எட்டாத கரைவிடுதிகளுக்கும் பொருந்தக்கூடியது இதே கலவை.

விற்பவருக்கு நிலையான வருமானம் பொறியின் இலாபத்தைவிடப் பராமரிப்பில்தான் வரும். உப்புக்காற்று தாங்கியை அரிக்கிறது, காந்தத்தின் பூச்சு கீறினால் அது உள்ளிருந்தே பொடியாகிறது, இழுகம்பிகள் துருப்பிடிக்கின்றன. சோளகம் எழுமுன் சாய்த்து இறக்கக்கூடிய கோபுரமும், ஆண்டுச் சேவை ஒப்பந்தமும் இல்லாமல் விற்ற சுழலி இரண்டாம் பருவத்தைக் காண்பது அரிது.