அக்கா கட்டிய மூன்று வருடப் பிரீமியம்

ஆயுள் காப்பீட்டு அலுவலகத்தில் 38 ஆண்டுகள் வேலை பார்த்தவன் நான். 1975-ல் சேர்ந்து 2013-ல் ஓய்வு பெற்றேன். கவுன்டருக்கு அந்தப் பக்கம் நின்றவர்கள் என்னிடம் அதிகம் கேட்ட கேள்வி, "சார், இனிமே கட்ட முடியாது. கட்டினதுல எவ்வளவு திரும்பக் கிடைக்கும்?" என்பதுதான். இதற்குத்தான் சரண்டர் வேல்யூ என்று பெயர். எங்கள் காலத்துப் பாலிசிகளில் பெரும்பாலும் மூன்று வருடப் பிரீமியம் முழுதாகக் கட்டியிருந்தால்தான் ஏதாவது தேறும். அதற்கு முன் நிறுத்தியவர்களுக்குக் கையை விரிப்பதைத் தவிர வேறு வழியில்லை.

இரண்டு வருடங்களுக்கு முன் நண்பர் ஒருவர் வீட்டைக் காலி செய்துகொண்டு மகனோடு இருக்கப் போனார். ஓய்வு பெற்ற ஆங்கில ஆசிரியர். போகும்போது ஒரு கட்டுப் புத்தகங்களை என் தலையில் கட்டிவிட்டார். ஆங்கிலம் கற்பிக்கும் முறையின் வரலாறு பற்றிய புத்தகங்கள். எனக்கு எதற்கு என்று நினைத்துக்கொண்டே ஒன்றைப் புரட்டியபோது, 'சரண்டர் வேல்யூ' என்ற சொல் கண்ணில் பட்டது. பள்ளிக்கூடப் பாடத்தில் எங்கள் ஆபீஸ் வார்த்தைக்கு என்ன வேலை என்று உட்கார்ந்து படித்தேன்.

அந்தச் சொல்லை அங்கே கொண்டுவந்தவர் மைக்கேல் வெஸ்ட். ஆங்கிலேயர், இந்தியக் கல்விப் பணியில் இருந்தவர், டாக்கா ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியின் முதல்வர். வங்காளத்துப் பிள்ளைகள் ஆங்கிலம் படிப்பதைக் கவனித்து 1926-ல் இருமொழிக் கல்வி பற்றி ஒரு பெரிய அறிக்கை எழுதினார். அவர் கேட்ட கேள்வி எளிமையானது. பள்ளியில் சேரும் பிள்ளைகளில் பெரும்பாலோர் பாதியில் நின்றுவிடுகிறார்கள். பாடத்திட்டமோ கடைசி வரை படிப்பவனை மனதில் வைத்துப் போடப்படுகிறது. அப்படியானால் இரண்டாம் வருடமோ மூன்றாம் வருடமோ நிற்கிற பிள்ளை வீட்டுக்கு எதை எடுத்துக்கொண்டு போகிறது? எந்த இடத்தில் நின்றாலும் அதுவரை கட்டியதற்கு ஏதாவது கையில் மிஞ்ச வேண்டும் என்றார் வெஸ்ட்.

படித்ததும் எனக்கு அக்காவின் ஞாபகம் வந்துவிட்டது. அந்தக் கதைக்குப் பிறகு வருகிறேன்.

வெஸ்ட் அன்றைய ஆங்கில வாசகப் புத்தகங்களை எடுத்துப் பார்த்தார். வரிக்கு வரி புதுச் சொற்கள். அவற்றில் பலவும் இங்கிலாந்திலேயே கவிதைகளில் மட்டும் வாழ்ந்தவை. 'ஐலண்ட்' என்ற சொல் இருக்கும்போது 'ஐல்', 'நத்திங்' இருக்கும்போது 'நாட்'. இவற்றை நீக்கிவிட்டு வழக்கில் உள்ள சொற்களைப் போட்டார். ஒரு பக்கத்தில் புதுச் சொற்களின் எண்ணிக்கையைக் குறைத்தார். வந்த சொல் மறுபடி மறுபடி வரும்படி கதைகளைத் திருத்தி எழுதினார். 'நியூ மெத்தட் ரீடர்' என்ற பெயரில் லாங்மன்ஸ் கம்பெனி அவற்றை வெளியிட்டது.

சரி, எது வழக்கில் உள்ள சொல் என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது? எண்ணித்தான். இந்த எண்ணும் வேலை முதலில் சுருக்கெழுத்துக்காரர்களுக்காகத் தொடங்கியது என்பது எனக்குப் புதுச் செய்தி. ஜெர்மனியில் கேடிங் என்பவர் 1890-களில் ஆயிரக்கணக்கானவர்களை வைத்து ஒரு கோடிக்கும் அதிகமான சொற்களைக் கையால் எண்ண வைத்தார். அடிக்கடி வரும் சொல்லுக்குத்தானே சுருக்கமான கோடு போட வேண்டும்! பிறகு அமெரிக்காவில் எட்வர்ட் தார்ன்டைக் என்ற உளவியல் பேராசிரியர் பைபிள், பாடநூல்கள், செய்தித்தாள்கள், கடிதங்கள் என்று 40 லட்சத்துக்கும் மேற்பட்ட சொற்களை எண்ணி, 1921-ல் 10,000 சொற்களின் பட்டியல் ஒன்றை ஆசிரியர்களுக்காக வெளியிட்டார்.

இதற்கு நேர் எதிரான வழியில் போனவர் கேம்பிரிட்ஜைச் சேர்ந்த சி. கே. ஆக்டன். எண்ணுவதெல்லாம் வேண்டாம், யோசித்தே பொறுக்கலாம் என்று 1930-ல் 'பேசிக் இங்கிலீஷ்' என்ற ஒன்றைக் கொண்டுவந்தார். மொத்தமே 850 சொற்கள். அதில் 600 பொருட்பெயர்கள், 150 பண்புச் சொற்கள், மீதி 100-ல் வினையும் இடைச்சொற்களும். வினைச்சொற்கள் 18 தான். இரண்டாம் உலகப் போர் நடுவே 1943-ல் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் பேசிய சர்ச்சில்கூட இந்த பேசிக் இங்கிலீஷைப் புகழ்ந்தார்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. சிக்கல் எங்கே வந்தது? வினைச்சொற்களைக் குறைத்தால் ஒரே சொல்லின் தலையில் பத்துப் பொருள் ஏறிவிடும். 'பொறுத்துக்கொள்' என்பதற்கு 'புட் அப் வித்' என்பார்கள். மூன்றும் சின்னச் சொற்கள். மூன்றையும் தெரிந்தவனுக்கும் சேர்த்துப் பார்த்தால் பொருள் தெரியாது. நம் 'போடு' மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன். கோலம் போடு, சண்டை போடு, சாப்பாடு போடு, சட்டை போடு. 'போடு' என்ற ஒரு சொல்லைக் கற்ற வெளிநாட்டுக்காரன் இத்தனையையும் எப்படிப் புரிந்துகொள்வான்? அந்த முறையை விமர்சித்தவர்களில் வெஸ்டும் ஒருவர்.

1934-ல் நியூயார்க்கில் கார்னகி நிறுவனத்தின் ஆதரவில் ஒரு கூட்டம் நடந்தது. வெஸ்ட் போனார். தார்ன்டைக்கும், ஜப்பானில் ஆங்கிலம் கற்பித்துக்கொண்டிருந்த ஹெரால்ட் பாமரும் அதில் இருந்தார்கள். அங்கே தொடங்கிய பட்டியல் வேலை, போர் முடிந்த பிறகு 1953-ல் வெஸ்டின் பெயரில் புத்தகமாக வந்தது. சுமார் 2,000 சொற்கள். சாதாரண ஆங்கிலப் பக்கம் எதை எடுத்தாலும் அதில் ஏறக்குறைய 80 விழுக்காடு இந்தச் சொற்களாகவே இருக்கும். இடையில் 1935-ல் வெஸ்ட் இன்னொரு காரியமும் செய்தார். ஒரு அகராதி போட்டார். அதில் சுமார் 24,000 சொற்களுக்கும் தொடர்களுக்கும் விளக்கத்தை 1,490 எளிய சொற்களுக்குள்ளேயே அடக்கிவிட்டார். தெரியாத சொல்லுக்கு அர்த்தம் பார்க்கப் போய், அர்த்தத்துக்கு அர்த்தம் தேடி அலைந்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

இந்தக் காற்று நம் பக்கமும் வீசியது. சென்னை மாநிலத்தில் 1950-களில் சொற்களையும் வாக்கிய அமைப்புகளையும் அளந்து கொடுக்கும் புதிய ஆங்கிலப் பாடத்திட்டம் வந்தது. அதை நடத்த ஆசிரியர்களைத் தயார் செய்ய, 1959 வாக்கில் பிரிட்டிஷ் கவுன்சில் உதவியோடு ஒரு பெரிய பயிற்சி இயக்கம் தொடங்கினார்கள். ஆரம்பநிலை ஆங்கிலம் கற்பிக்கும் 27,000 ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுப்பது இலக்கு. கொஞ்சம் பேருக்கு முதலில் பயிற்சி, அவர்கள் மாவட்டங்களில் மற்றவர்களுக்குப் பயிற்சி என்று பெருகிக்கொண்டே போகும். அதனால் 'மெட்ராஸ் ஸ்னோபால்' என்று பெயர். பனிப்பந்து உருள உருளப் பெரிதாகுமாம். மார்கழிப் பனியைத் தவிர வேறு பனி பார்க்காத ஊரில் இப்படி ஒரு பெயர்!

எங்கள் ஊர்ப் பள்ளி ஆசிரியரும் அந்தப் பயிற்சிக்குப் போய் வந்தவர்தான். மஞ்சள் பையில் பேனா, பந்து, தட்டு, சாவி எல்லாம் கொண்டுவருவார். ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டி "திஸ் இஸ் எ பென்" என்பார். வகுப்பே கோரஸாகத் திரும்பச் சொல்லும். தள்ளி வைத்துவிட்டு "தட் இஸ் எ பென்" என்பார். தமிழில் ஒரு வார்த்தை சொல்ல மாட்டார். அக்காவின் வகுப்பில்தான் அது முதலில் வந்தது. அவள் என்னைவிட மூன்று வயது மூத்தவள். சாயங்காலம் வீட்டுக்கு வந்து சொம்பையும் முறத்தையும் தூக்கி எனக்கு அதே பாடத்தை நடத்துவாள். முறத்துக்கு ஆங்கிலம் தெரியாமல் "திஸ் இஸ் எ முறம்" என்பாள்.

ஐந்து, ஆறு, ஏழு என்று மூன்று வருடம் ஆங்கிலம் படித்தாள். ஏழாம் வகுப்பு முடிவதற்குள் பெரியவளானாள். அதோடு சரி. "பொட்டப்புள்ள படிச்சு என்ன பண்ணப் போவுது, தம்பி படிக்கட்டும்" என்றார் அப்பா. அவள் புத்தகத்தைத்தான் பிறகு நான் படித்தேன். ஓரத்தில் அவள் பென்சிலால் எழுதிய அர்த்தங்கள் எனக்கு உதவின. அவளுக்காகக் கட்டிய பிரீமியம் என் பெயரில் வரவு வைக்கப்பட்டது என்றுதான் சொல்ல வேண்டும்.

1977. அக்காவைக் கட்டிக் கொடுத்தது முசிறிப் பக்கம் ஒரு கிராமம். அவளுடைய சின்னவனுக்கு நாலு வயது. உடம்பெல்லாம் சிரங்கு, கூடவே இருமல். மச்சான் டவுனிலிருந்து இரண்டு பாட்டில் மருந்து வாங்கி வைத்து, ஒன்று தடவ, ஒன்று குடிக்க என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போய்விட்டார். எது எது என்று அவளுக்கு ராத்திரி குழப்பமாகிவிட்டது. இரண்டிலும் ஆங்கில எழுத்துதான். அரிக்கேன் விளக்கைத் தூண்டிவிட்டு எழுத்துக் கூட்டிப் படித்திருக்கிறாள். தடவுகிற மருந்தில் ஒரு கரண்டியைப் பிள்ளைக்குக் கொடுத்துவிட்டாள்.

பையன் வாந்தி எடுத்துத் துவண்டுவிட்டான். மாட்டு வண்டியில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். இரண்டு நாளில் பிழைத்து எழுந்தான். சேதி கேட்டு நான் ஓடியபோது அக்கா வராந்தாவில் உட்கார்ந்திருந்தாள். பாட்டில் அவள் மடியிலேயே இருந்தது. அதில் இருந்த வரி, 'ஃபார் எக்ஸ்டர்னல் யூஸ் ஒன்லி'.

"'ஃபார்' தெரிஞ்சுச்சு, 'யூஸ்' தெரிஞ்சுச்சு, 'ஒன்லி'யும் தெரிஞ்சுச்சுடா. நடுவுல இருந்த ஒண்ணுதான் தெரியல. 'யூஸ் ஒன்லி'ன்னா இதத்தான் குடுக்கணும்னு நெனச்சுட்டேன்."

நாலு சொல்லில் மூன்று தெரிந்தவள் என் அக்கா. நூற்றுக்கு 75. பட்டியல் போட்டவர்கள் கணக்கில் அது நல்ல மார்க். மூன்றும் தெரியாமல் இருந்திருந்தால் பக்கத்து வீட்டில் யாரையாவது எழுப்பிக் கேட்டிருப்பாள். தெரிந்ததுதான் அவளை ஏமாற்றியது. அந்த வரிக்குக் கீழே தமிழில் 'வெளியே தடவ மட்டும்' என்று அச்சடித்திருந்தால் பிரச்சினையே இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். குற்றம் முழுவதும் பாடத்திட்டத்தின் மேல் இல்லை.

இந்த ஓட்டையைப் பின்னால் வந்தவர்களும் பார்த்திருக்கிறார்கள். பிரான்சில் 1950-களில் கூகனெம் என்ற அறிஞரின் குழு, புத்தகத்தை எண்ணாமல் மக்களின் பேச்சை ஒலிப்பதிவு செய்து எண்ணியது. மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட சொற்கள். அப்போதும் முள்கரண்டி போன்ற அன்றாடப் பொருட்களின் பெயர்கள் எண்ணிக்கையில் மேலே வரவில்லை. யாரும் தினமும் முள்கரண்டியைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பதில்லை அல்லவா? அடிக்கடி சொல்லப்படாது, ஆனால் தேவைப்படும்போது கட்டாயம் கைக்கு வர வேண்டும். அப்படிப்பட்ட சொற்களைப் பிடிக்க, அவர்கள் பள்ளிப் பிள்ளைகளிடம் சமையலறை, உடம்பு, உடை என்று தலைப்புக் கொடுத்து, ஒவ்வொன்றுக்கும் நினைவுக்கு வரும் 20 சொற்களை எழுதச் சொன்னார்கள். வெஸ்டும் எண்ணிக்கையை மட்டும் நம்பவில்லை. அவசியமான சொல்லா என்றும் பார்க்க வேண்டும் என்றுதான் அவரும் எழுதினார். ஆனால் யாருக்கு அவசியம் என்பதை முசிறிப் பக்கத்துக் கிராமத்தில் வந்து யாரும் கேட்கவில்லை.

அக்கா தானே கேட்டுக்கொண்டாள். அந்த ஆஸ்பத்திரி நாட்களுக்குப் பிறகு 40 பக்க நோட்டு ஒன்று வாங்கினாள். எங்கே ஆங்கில எழுத்தைப் பார்த்தாலும் அப்படியே பார்த்து வரைந்துகொள்வாள். நான் போகும்போது நோட்டை நீட்டுவாள். பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று சில சமயம் நான் சலித்துக்கொண்டதுண்டு. அதை நினைத்தால் இன்றும் கூச்சமாக இருக்கிறது.

போன மாதம் அந்த நோட்டுகளை வாங்கிப் பார்த்தேன். மூன்று நோட்டு, 316 சொற்கள். முதல் சொல் 'எக்ஸ்டர்னல் – வெளியே'. பிறகு 'பிஃபோர் ஃபுட்', 'எக்ஸ்பைரி', கரண்ட் பில்லில் இருந்து 'அரியர்ஸ்', 'டியூ டேட்', பாங்கில் இருந்து 'வித்ட்ராயல்'. மச்சான் இறந்த வருடம் என் ஆபீஸ் ஃபாரத்திலிருந்து எடுத்த 'நாமினி'க்கு, 'அவருக்குப் பிறகு நான்' என்று எழுதியிருக்கிறாள். 38 வருடம் அந்தச் சொல்லோடு இருந்தவன் நான். அதை இவ்வளவு சரியாக யாருக்கும் விளக்கியதில்லை.

மூன்று வருடப் படிப்பில் அவளுக்கு மிஞ்சியது 26 எழுத்துகளும் எழுத்துக் கூட்டத் தெரிந்ததும்தான். அதை முதலாக வைத்து மீதியை அவளே சேர்த்திருக்கிறாள். அந்த முதல்கூட இல்லாமல் நின்றுபோன பெண்கள் அவள் வகுப்பிலேயே எத்தனையோ பேர். அதையும் மறக்கக்கூடாது.

அக்காவுக்கு இப்போது எழுபது தாண்டிவிட்டது. அன்று பிழைத்தவனின் மகள் அவளுக்குச் செல்போன் பழக்கிக் கொடுத்திருக்கிறாள். நோட்டில் கடைசியாக இருக்கும் சொல் 'ஓடிபி'. எதிரே எழுதியிருப்பது, 'யாருக்கும் சொல்லக் கூடாத நம்பர்'.