நஞ்சுக்கொடி: விலங்குகளில் ஊட்டம் கடத்தும் முறையின் ஆய்வு வரலாறு

நஞ்சுக்கொடி என்பது கருவின் திசுவும் தாயின் கருப்பைச் சுவரும் சேர்ந்து உருவாக்கும் தற்காலிக உறுப்பு. தாயின் இரத்தத்திலுள்ள சத்துகள் இதன் வழியே கருவைச் சேர்கின்றன. ஆனால் அவை வந்தபடியே போவதில்லை. நஞ்சுக்கொடி ஒரு பங்கைத் தானே எரித்துக்கொள்கிறது, ஒரு பங்கை வேறு பொருளாக மாற்றுகிறது, மிச்சத்தைக் கடத்துகிறது. இந்த உண்மை தெளிவாக நெடுங்காலம் பிடித்தது.

தாயின் இரத்தக் குழாய்களும் கருவின் இரத்தக் குழாய்களும் நேராக இணைந்திருப்பதாகவே பழைய மருத்துவம் கருதியது. 18ஆம் நூற்றாண்டில் இலண்டனில் வில்லியம் ஹண்டர், ஜான் ஹண்டர் சகோதரர்கள், இறந்த கர்ப்பிணிகளின் இரத்தக் குழாய்களில் மெழுகைச் செலுத்தி, இரு இரத்த ஓட்டங்களும் தனித்தனி என்று காட்டினர். வில்லியமின் புகழ்பெற்ற படத்தொகுதி 1774இல் வெளிவந்தது.

இரண்டு ஓட்டங்களுக்கும் நடுவே எத்தனை திசு அடுக்குகள் உள்ளன என்பது அடுத்த கேள்வி. 1909இல் ஆஸ்திரிய உடற்கூறியலாளர் ஓட்டோ குரோசர் இதை வைத்தே பாலூட்டிகளை வகைப்படுத்தினார். குதிரை, பன்றி ஆகியவற்றில் தாய்ப்பக்க அடுக்குகள் அனைத்தும் கரையாமல் நிற்கின்றன. நாய், பூனைகளில் தாயின் நுண்குழாய்ச் சுவர் வரை கரு அரித்துச் செல்கிறது. மனிதரிலும் எலியிலும் கருவின் திசு தாயின் இரத்தத்திலேயே நனைகிறது. அடுக்கு குறைந்தால் ஊட்டம் கூடும் என்ற தவறான முடிவும் இந்த வகைப்பாட்டோடு சேர்ந்து பரவியது. எல்லா அடுக்குகளும் உள்ள குதிரையின் குட்டி, பிறந்த சில மணி நேரத்தில் ஓடுகிறது என்பதே அதை மறுக்கப் போதும்.

அடுக்குகளை எண்ணுவதிலிருந்து ஆய்வை வேதியியலுக்குத் திருப்பிய பெருமை செம்மறியாட்டுக்கு உரியது. அதன் கருவின் இரத்தத்தில் குளுக்கோஸைவிட ஃபிரக்டோஸ் பல மடங்கு அதிகம். தாயின் இரத்தத்திலோ அது மிகச் சொற்பம். அப்படியானால் அந்தச் சர்க்கரை எங்கிருந்து வருகிறது? 1951இல் ஆய்வாளர் ஹக்கெட்டும் அவருடன் பணியாற்றியவர்களும் வெளியிட்ட ஆய்வு, குளுக்கோஸை ஃபிரக்டோஸாக மாற்றுவது நஞ்சுக்கொடியே என்று நிறுவியது. அந்த ஃபிரக்டோஸ் தாய்ப்பக்கம் எளிதில் திரும்புவதுமில்லை. பசு, பன்றிக் கருக்களிலும் இச்சர்க்கரை மிகுதி.

பின்னர் அமெரிக்காவின் கொலராடோவில் ஆய்வாளர்கள் ஜாகோமோ மெஸ்கியாவும் ஃபிரடெரிக் பட்டாலியாவும் சினை ஆடுகளின் இரத்தக் குழாய்களில் மெல்லிய குழல்களைப் பொருத்தினர். மயக்க மருந்தின் தாக்கம் தீர்ந்து, ஆடு இயல்பாக நின்று தீவனம் தின்னும்போதே அளவுகள் எடுக்கப்பட்டன. இத்துறையின் மிக முக்கியமான முன்னேற்றம் இதுவே எனலாம். இந்த அளவீடுகளின்படி, கருப்பை எடுத்துக்கொள்ளும் குளுக்கோஸில் பாதிக்கு மேல் கருவை எட்டுவதே இல்லை. நஞ்சுக்கொடியும் கருப்பைத் திசுக்களும் அதைச் செலவிட்டுவிடுகின்றன. நஞ்சுக்கொடி உண்டாக்கும் லாக்டேட் கருவுக்கு எரிபொருளாகிறது. கருவின் கல்லீரலிலிருந்து வரும் குளுட்டமேட்டையும் நஞ்சுக்கொடி உள்வாங்கிக்கொள்கிறது. குளுட்டமின் கருவை நோக்கிச் செல்கிறது.

கடத்தும் முறை விலங்குக்கு விலங்கு மாறுகிறது. கொழுப்பு அமிலங்களை மனித நஞ்சுக்கொடி தாராளமாகக் கடத்தும். செம்மறியில் கடப்பது குறைவு. இரும்புச்சத்தில் வேறுபாடு இன்னும் வியப்பானது. மனித நஞ்சுக்கொடி, தாயின் இரத்தத்திலுள்ள டிரான்ஸ்ஃபெரின் புரதத்திலிருந்து இரும்பைப் பெறுகிறது. பன்றியின் கருப்பைச் சுரப்பிகள் யூட்டரோஃபெரின் என்ற இரும்புப் புரதத்தைச் சுரக்க, நஞ்சுக்கொடி அதை உறிஞ்சுகிறது. நாயிலோ, நஞ்சுக்கொடியின் ஓரத்தில் தாயின் இரத்தம் கசிந்து தேங்க, கருப்பக்கச் செல்கள் சிவப்பணுக்களை விழுங்கிச் செரிக்கின்றன. நாய் குட்டி போடும்போது வெளிப்படும் பச்சை நிறம் அந்தச் செரிமானத்தில் விளைந்த நிறமியால் வருவது. நோய் எதிர்ப்புப் புரதங்கள் மனிதரில் கருவிலேயே கடந்துவிடுகின்றன. கன்றுக்கு அந்த வழி இல்லை. பிறந்த சில மணி நேரத்துக்குள் சீம்பால் கொடுத்தாக வேண்டிய காரணம் இதுதான்.

நஞ்சுக்கொடி தன் கடத்தும் திறனையும் தேவைக்கேற்ப மாற்றிக்கொள்கிறது. 2002இல் சுண்டெலிகளில் நடந்த ஆய்வொன்று, ஒரு வளர்ச்சிக் காரணி மரபணுவின், நஞ்சுக்கொடியில் மட்டும் செயல்படும் வடிவத்தை நீக்கியது. நஞ்சுக்கொடி சிறுத்தது. ஆனால் ஒவ்வொரு கிராம் திசுவும் கடத்திய அமினோ அமிலம் கூடியதால், கரு முதலில் குறைவின்றி வளர்ந்தது. சினைக்காலத்தின் கடைசி நாட்களில்தான் அந்த ஈடு போதாமல் போய், குட்டிகள் எடை குறைந்து பிறந்தன.